இரண்டு பேருக்கும் சிவப்பு

என் பேத்தி டார்சி பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்துக் கம்பத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். துணைத் தலைமை ஆசிரியை நெரிடா என் மகள் லீயானைக் கூப்பிட்டுத் தனியாக உட்கார வைத்து, வீட்டில் எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அருமையாக இருக்கிறது என்று பச்சைப் பொய்யைச் சொல்லிவிட்டு வந்தாள் என் மகள். அது போன வாரத்துக் கதை. அது அப்படியே கிடக்கட்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வெட்ஜ் முனைக் கடற்கரையில் கடல் உயிர்காப்புச் சங்கத்துப் பிள்ளைகளுக்குப் போட்டி. டார்சி இறங்குவது ஒரே ஒரு பந்தயத்தில்தான். கொடிப் பந்தயம்.

மணலில் குப்புறப் படுத்திருக்க வேண்டும். விசில் ஊதியதும் எழுந்து, திரும்பி, ஓடி, பின்னால் கொடியாக நட்டு வைத்திருக்கும் ரப்பர் குழாய்த் துண்டுகளில் ஒன்றைப் பிடுங்க வேண்டும். ஆளைவிடக் குழாய் ஒன்று குறைவாக இருக்கும். குழாய் கிடைக்காதவள் வெளியே. விசிலுக்கு முன்னால் எழுந்தவளும் வெளியே. போன வருஷம் டார்சி முதல் சுற்றிலேயே முன்னால் எழுந்தாள். அவள் அழுதது அடுத்த தெரு வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து தினமும் கடற்கரையில் இதே வேலைதான். படு, எழு, திரும்பு, ஓடு. பத்து வயதுப் பிள்ளை. வேறு எதையும் இவ்வளவு நாள் பிடித்து வைத்துக்கொண்டதில்லை அவள்.

நீச்சல் தொப்பி, இளஞ்சிவப்புச் சட்டை, மூக்கில் வெள்ளைக் களிம்பு எல்லாம் போட்டுக்கொண்டு அவள் வாசலில் குதித்துக்கொண்டிருந்தாள். கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது சமையலறை மேசை மேல் ஊதும் மெஷின் சிவப்பாக எரிந்தது.

மெஷின் என் மருமகன் க்ளெனுடையது. பால் டேங்கர் ஓட்டுகிறான். வண்டியைத் தொடும் முன் ஊதிக் காட்ட வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. குடித்திருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. அந்தப் பழக்கத்தில் வீட்டுக் காரை எடுக்கும்போதும் ஊதிப் பார்த்துவிடுவான்.

"என்ன இது?" என்றாள் லீயான்.

"சிவப்பு."

"அது தெரியுது. ஏன் சிவப்பு? நேத்து என் முறை."

"உன் முறையா? வெள்ளிக்கிழமை எனக்கு திடீர்னு லோடு வந்துச்சுல்ல. என் முறை போச்சு. அதை சனிக்கிழமை எடுத்துக்கறேன்னு மெசேஜ் அனுப்பினேனே."

"எந்த போனுக்கு?"

"உன் போனுக்குத்தான்."

"என் போனை உன் பொண்ணு மீன் தொட்டிக்குள்ள போட்டுட்டா. அது ஈரம் காயறதுக்கு அரிசி டப்பாவுக்குள்ள கிடக்கு. தினம் அந்த டப்பாவைத் தாண்டித்தான் நீ ஃப்ரிட்ஜைத் தொறக்கறே."

க்ளென் அரிசி டப்பாவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "அப்ப நீயும் நேத்து..."

லீயான் மெஷினை எடுத்து ஊதினாள். அதுவும் சிவப்பு.

இந்த முறை என்னவென்று சொல்லிவிடுகிறேன். டார்சியை வளர்ப்பது லேசான காரியம் இல்லை. பல் தேய்க்க ஒரு சண்டை, வீட்டுப் பாடத்துக்கு ஒரு சண்டை, குளிக்கப் போக ஒரு சண்டை, குளித்துவிட்டு வெளியே வர இன்னொரு சண்டை. கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று டாக்டர் பெயர் வைத்து, காலையில் போட மாத்திரை கொடுத்திருக்கிறார். டாக்டர்களை நான் நம்புவதில்லை, அது வேறு. மாத்திரை சாயங்காலத்தோடு தீர்ந்துவிடும், பிள்ளை தீராது. ஒருவழியாக அவள் படுத்தபின் இந்த இரண்டு பேரும் பிழிந்து போட்ட துணி மாதிரி கிடப்பார்கள். அப்புறம் மூடி திறக்கும் சத்தம். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் இருந்தது. பிறகு எந்தக் கிழமை என்று பார்ப்பதில்லை.

ஒரு தடவை டார்சி தகரத்தில் கையைக் கிழித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்ட இரண்டு பேருமே லாயக்கில்லை. துணியால் கையைக் கட்டிக்கொண்டு ஆம்புலன்சுக்குக் காத்துக்கிடந்தோம். அதன் பிறகுதான் குடிக்க முறை வைத்தார்கள். ஒருநாள் அவள், ஒருநாள் அவன். முறை இல்லாதவர் கையில் கார் சாவி. பிள்ளை கண்ணில் படக் கூடாது என்பது இன்னொரு சட்டம். அதனால் லீயான் துணி துவைக்கும் அறையில் நின்று காப்பிக் கோப்பையில் வைன் குடிப்பாள். க்ளென் கொட்டகையில் பீர் குடிப்பான். பிள்ளைக்குத் தெரியாமல் ஒளித்து ஒளித்து, ஒருவர் குடிப்பது இன்னொருவருக்கும் தெரியாமல் போனது. நேற்று ராத்திரி சாவி மற்றவரிடம் இருப்பதாக இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பின்கட்டில் நிற்கும் கேரவன் வண்டியில் இருப்பவன். இருட்டினால் படுத்துவிடுவேன். எனக்கும் தெரியாது.

"மெஷின் கெட்டுப்போயிருக்கும், கொண்டா இங்கே" என்று வாங்கி நானும் ஊதினேன். பச்சை.

"தாத்தாவுக்குப் பச்சை" என்று கத்தினாள் டார்சி. "தாத்தா ஓட்டட்டும்."

"எதிர்ல வர்றது லாரியா மாடான்னு உங்க தாத்தாவுக்குத் தெரியாது" என்றான் க்ளென்.

"ரெண்டுக்கும் ஹாரன் அடிப்பேன்டா" என்றேன். ஆனால் அவன் சொன்னது நிஜம். இறால் படகில் வெயிலும் உப்பும் தின்ற கண் இது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"லேட் ஆகுது, லேட் ஆகுது, லேட் ஆகுது" என்று டார்சி கதவைத் திறந்து மூடித் திறந்து மூடினாள்.

க்ளென் சாவியை எடுத்தான். "இங்க பாரு. கொஞ்சம்தான் கூட இருக்கு. எனக்குத் தலை தெளிவா இருக்கு. போலீஸ் நின்னா பாலத்துக்கிட்டதான் நிப்பான். நான் காட்டு ரோட்ல சுத்திப் போயிடறேன்."

"சாவியைக் குடு."

"பிடிக்க மாட்டாங்க லீயான்."

"பிடிப்பாங்களான்னு இப்ப யார் கேட்டா? பின் சீட்ல யார் உக்காரப் போறான்னு பாரு."

டார்சி கதவை மூடினாள், திறந்தாள். க்ளென் சாவியை மேசையில் வைத்தான். மாட்டினால் டேங்கர் வேலையும் போகும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளை போன வருஷம் அழுதது அவன் காதில் இருந்தது, அவ்வளவுதான்.

சங்கத்து ஆட்கள் எல்லோரும் விடியும் முன்பே அலைப் பலகைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரில் இருக்கும் ஒரே டாக்ஸிக்காரன் ஞாயிற்றுக்கிழமையில் மீன் பிடிக்கப் போய்விடுவான். இன்னும் கிளம்பாமல் இருக்கக்கூடிய ஆள் ஒருத்திதான். கொடிப் பந்தயத்துக்கு மட்டும் மகளைக் கூட்டிப் போகிறவள். துணைத் தலைமை ஆசிரியை நெரிடா.

"அவ வேணாம்" என்றேன். "வேற யாராவது."

"வேற யாரு? சொல்லு" என்றாள் லீயான்.

இதில் இருக்கும் ஆபத்து எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஒரு பிள்ளை வீட்டில் பத்திரமாக இல்லை என்று பள்ளிக்கூடத்து ஆளுக்குத் தெரியவந்தால், பிள்ளைகள் நலத் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சட்டம் அப்படி. துறைக்காரர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள், ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள், பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசுவார்கள். அந்தச் சிரிப்பை நம்பச் சொல்லி என்னிடம் யாரும் வர வேண்டாம். லீயான் இரண்டு வருஷமாகத் தூக்கத்தில்கூட பயப்படுவது அந்த ஆட்களுக்குத்தான்.

அவள் க்ளெனின் போனை எடுத்தாள். குரலைச் சிரிக்க வைத்துக்கொண்டாள்.

"நெரிடா, நான் லீயான். கிளம்பிட்டியா? கார் ஸ்டார்ட் ஆகல... ஆமா, பேட்டரி போல..."

"பேட்டரி இப்பத்தான் மாத்தினோம்" என்று க்ளென் கிசுகிசுத்தான்.

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாசலுக்குப் போய்விட்டான்.

நெரிடாவின் பெரிய வேன் வந்து நின்றது. முன் சீட்டில் அவள் மகள் ஜார்ஜி. நீளக் கால், ஒழுங்கான பின்னல், டார்சி வயதுதான். நெரிடா இறங்கி நேராக எங்கள் காரிடம் போனாள்.

"கேபிள் வச்சிருக்கேன். என் பேட்டரியில இருந்து ஏத்திடலாமா? ரெண்டு நிமிஷ வேலை."

"பேட்டரி இல்ல, பெட்ரோல் பம்ப்பு" என்றான் க்ளென்.

"பேட்டரிதான், ஆனா கேபிள் வேலை செய்யாது" என்றாள் லீயான்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. நெரிடா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் இந்தப் பார்வையைத் தினமும் பயன்படுத்துகிறவள்.

"சரி. ஏறுங்க" என்றாள்.

வேன் ஊரைத் தாண்டியது. டார்சி ஜன்னலை ஏற்றினாள், இறக்கினாள், ஜார்ஜியின் பின்னலை மோந்து பார்த்தாள், பெல்ட்டில் தாளம் போட்டாள், தான் எப்படி எழப் போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்து ஒரு பெலிகன் பறவையைப் பற்றிச் சொல்லி முடித்தாள். லீயான் சிரித்துக்கொண்டே வந்தாள். திடீரென்று அவள் சிரிப்பு நின்றது.

"டார்சி. மாத்திரை போட்டியா?"

"நீ குடுக்கலையே."

லீயான் க்ளெனைப் பார்த்தாள். க்ளென் கால்மாட்டைப் பார்த்தான். மாத்திரை வீட்டில் பூட்டிய அலமாரியில் இருந்தது. திரும்பிப் போனால் பந்தயம் போச்சு. போகாவிட்டால், விசிலுக்கு முன்னால் எழாமல் இருக்க வேண்டிய பிள்ளை, ஜன்னலை விட்டுக் கையெடுக்காத இந்தப் பிள்ளை.

"பரவாயில்ல" என்றேன். "அந்தக் காலத்துல யார் மாத்திரை போட்டா?"

"அப்பா, நீ சும்மா வா" என்றாள் லீயான்.

பாலம் வந்தது. க்ளென் சொன்ன இடத்தில், சொன்னபடி, போலீஸ் நின்றது. வரிசையாக எல்லா வண்டியையும் ஓரம் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில்தான் ஆட்கள் மாட்டுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நேற்றையது தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள்.

முகத்தில் பரு மாறாத ஒரு பையன் போலீஸ் மெஷினை நீட்டினான். நெரிடா ஊதினாள்.

"நன்றிங்க. எங்க, போட்டிக்கா?"

"கொடிப் பந்தயம்" என்று பின்னாலிருந்து டார்சி தலையை நீட்டினாள். "அவங்களுக்குப் பச்சையா?"

"பச்சைதான்."

"எங்க அப்பாவுக்குச் சிவப்பு. வீட்டுலயே ஊதிட்டாரு. அதான் எங்க கார்ல வரல. கார் நல்லாத்தான் இருக்கு."

போலீஸ் பையன் குனிந்து க்ளெனைப் பார்த்துச் சிரித்தான். "அப்பா நல்ல காரியம் பண்ணியிருக்காரு."

"அம்மாவுக்கும் சிவப்பு" என்றாள் டார்சி.

பையனின் சிரிப்பு கொஞ்சம் கலைந்தது. கையைக் காட்டினான். நெரிடா வண்டியை எடுத்தாள். க்ளெனின் காது இரண்டும் வெந்த இறால் நிறத்துக்கு வந்துவிட்டன. லீயான் தன் கைகளை முழங்காலுக்கு நடுவே சொருகிக்கொண்டாள்.

"அம்மா, சிவப்புன்னா என்ன?" என்று ஜார்ஜி கேட்டாள்.

"வளைவு வருது. பேசாம வா" என்றாள் நெரிடா. கண்ணாடியில்கூடப் பின்னால் பார்க்கவில்லை.

வெட்ஜ் முனையில் இறங்கும்போதே ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜார்ஜி ஒழுங்காக மணல்மேட்டுப் பாதையில் ஓடினாள். டார்சி எதிர்ப்பக்கம், ஒரு நாயைப் பார்த்து ஓடினாள். க்ளென் நான்கே எட்டில் அவளைப் பிடித்து, அரிசி மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு மணல்மேட்டில் ஏறினான். லீயான் பின்னால் துண்டு, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்போடு ஓடினாள்.

"பார்லோ, டார்சி" என்று ஒலிபெருக்கி குடும்பப் பெயரோடு கூப்பிட்டது. "கடைசித் தடவை. பார்லோ, டார்சி."

"இங்க, இங்க இருக்கா" என்று கத்திக்கொண்டே க்ளென் கயிற்றைத் தாண்டிக் குதித்து, அவளை வரிசையில் நிறுத்திவிட்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து மணலில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்குக் கடல் ஒரு நீலம், மணல் ஒரு வெள்ளை, பிள்ளைகள் எல்லாம் இளஞ்சிவப்புப் புள்ளிகள். "எது நம்ம புள்ளி?" என்று க்ளெனைக் கேட்டேன்.

"இடது ஓரத்துல இருந்து மூணாவது. படுத்திருக்கா. கால் விரல் ஆடுது."

"விரல் ஆடலாமா?"

"ஆடலாம் பெருசு. எழுந்திருக்கத்தான் கூடாது."

"ஐயோ" என்று லீயான் கண்ணை மூடிக்கொண்டாள்.

விசில். சத்தம். மணல் பறந்தது.

"எடுத்துட்டா" என்றான் க்ளென். "சுலபமா எடுத்துட்டா. கடவுளே, விசில் முடியறதுக்குள்ள எடுத்துட்டா."

"பொய் சொல்லாதே."

"உன் கண்மேல சத்தியம்."

"என் கண்ணே போச்சு. அதை வச்சுச் சத்தியம் பண்றான் பாரு."

இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒருத்தி வெளியே போனாள். நடுவில் ஒருத்தி விசிலுக்கு முன்னால் எழுந்துவிட்டாள். கூட்டம் "ஓ" என்றது. லீயான் என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. "அவ இல்லப்பா, அவ இல்ல, பக்கத்துப் பொண்ணு" என்றாள். அவள் குரலே அவள் குரலாக இல்லை.

"படுத்திருக்கா" என்றான் க்ளென். "என்னமோ பண்றா. முகத்தை மணலுக்குள்ள வச்சிருக்கா. அசையல. விரல்கூட ஆடல. லீயான், அவ அசையல."

"தூங்கிட்டாளா?" என்றாள் லீயான்.

விசில்.

"எடுத்துட்டா. தூங்கல. எடுத்துட்டா."

கடைசியில் இரண்டு புள்ளிகள் மிஞ்சின. ஒரு குழாய். டார்சி ஒருத்தி. இன்னொருத்தி ஜார்ஜி.

நெரிடா கயிற்றின் அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஜார்ஜி இரண்டு வருஷமாக இந்தப் பந்தயத்தில் தோற்றதில்லை. காலும் நீளம், நிதானமும் உண்டு. நம்மவளுக்கு இரண்டும் இல்லை.

ஒலிபெருக்கி அமைதியாக இருக்கச் சொன்னது. கூட்டம் அடங்கியது. கடல் மட்டும் கேட்டது. தலையைக் கவிழ்க்கச் சொன்னான் விசில்காரன். அதன் பிறகு ஊதாமல் நின்றான். வேண்டுமென்றே நிற்பார்கள், படுபாவிகள். பொறுமை இல்லாதவளை எழுப்பிவிடுவதற்காக.

"ஊதுடா" என்று க்ளென் பல்லுக்குள் சொன்னான். "ஊதித் தொலைடா."

விசில்.

க்ளென் சொல்வதை நிறுத்திவிட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "சொல்லுடா, என்னடா ஆச்சு, சொல்லுடா."

"ஜார்ஜி முன்னாடி... இல்ல, நம்மவ... ரெண்டும் சேர்ந்து... பாய்ஞ்சுட்டா, தலைகுப்புறப் பாய்ஞ்சுட்டா..."

அதற்குமேல் அவனுக்கு வாயில் வார்த்தை வரவில்லை. எழுந்து கயிற்றைத் தாண்டி ஓடினான். மணலுக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. அதில் குழாய் இருந்ததாம். நான் பார்க்கவில்லை. ஆனால் டார்சி போட்ட கூச்சலை யார் சொல்லியும் நான் கேட்க வேண்டியதில்லை. லீயான் என்னைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். நானும் குதித்தேன் என்று பிறகு சொன்னார்கள். நான் நம்பவில்லை.

டார்சி வாயெல்லாம் மணலோடு வந்தாள். "மணலுக்குள்ள ஒரு குட்டி நண்டு இருந்துச்சு. அது ஓட்டை போட்டுக்கிட்டே இருந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டு இருந்தேனா, திடீர்னு விசில் வந்துருச்சு."

"பாத்தியா" என்றேன் லீயானிடம். "மாத்திரை இல்லாமலே ஜெயிச்சா."

"நாளைக்குக் கணக்குப் பரீட்சைக்கு நண்டு வராதுப்பா" என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மெடலைக் கழுத்தில் போட்டார்கள். ஜார்ஜி வந்து டார்சியோடு கை குலுக்கினாள், உதடு நடுங்கினாலும் குலுக்கினாள். அதற்குள் கடற்கரைக் கட்டடத்தின் மேல்மாடி பாரிலிருந்து எங்கள் சங்கத்துத் தலைவன் டூலன் குரல் கொடுத்தான்.

"க்ளென், மேல வாடா. உன் பொண்ணு, உன் ரவுண்டு."

இதைத் தட்ட முடியாது. ஜெயித்த பிள்ளையின் அப்பன் எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டும். மறுத்தால் அடுத்த கோடை வரை சொல்லிக்காட்டுவார்கள். க்ளென் லீயானைப் பார்த்தான்.

"வாங்கி மட்டும் குடுத்துட்டு வந்துடறேன். நான் தொடல."

"போ" என்றாள் லீயான். அவள் இன்னும் சந்தோஷத்தில் இருந்தாள்.

டார்சி துண்டின் மேல் உட்கார்ந்து மெடலைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இன்னிக்கு யார் முறை?"

"என்ன முறை?"

"உன் முறையா, அப்பா முறையா? நேத்து உன் முறைன்னு நினைச்சேன். உன் முறைன்னா நான் சீக்கிரம் தூங்கிட்ட மாதிரி படுத்துப்பேன்ல, நீ துணி ரூமுக்குப் போகணும்னு. அப்புறம் பாத்தா அப்பாவும் கொட்டகையில. அதனால நான் தூங்கல."

லீயான் அவள் பக்கம் திரும்பினாள். "ஏன்டி தூங்கல?"

"ரெண்டு பேரும் சிவப்புன்னா யாராவது முழிச்சிருக்கணும்ல. நான் கதவைப் பூட்டினேன். அடுப்பைப் பாத்தேன். தாத்தா கேரவன்ல மூச்சு விடறாரான்னு ஜன்னல்ல கேட்டேன். விட்டாரு." மெடலை மறுபடி கடித்தாள். "தங்கம்னா பல் பதியும்னு ஜார்ஜி சொன்னா. பதியவே இல்ல."

சொல்லிக்கொண்டே துண்டில் சாய்ந்தாள். ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது, பிள்ளைகள் மேலே மணலை இறைத்துக்கொண்டு ஓடினார்கள். டார்சி தூங்கிவிட்டாள். இந்தப் பிள்ளை பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

லீயான் அவள் முகத்தில் வெயில் படாமல் தன் தொப்பியை வைத்தாள். பிறகு எழுந்து நெரிடா இருக்கும் பக்கம் நடந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து பின்னால் போய் அவள் கையைப் பிடித்தேன்.

"வேணாம். அந்தத் துறைக்காரங்களை உனக்குத் தெரியாது. கதவைத் தொறந்து விட்டா மூட முடியாது."

"கையை எடுப்பா."

நெரிடா ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஜார்ஜியின் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்றாள் லீயான்.

"தெரியும்."

"நான் உன்கிட்ட சொல்லணும். எல்லாத்தையும்."

நெரிடா துண்டைக் கீழே வைத்தாள். "நில்லு. முதல்ல ஒண்ணு சொல்லு. நீ யார்கிட்ட பேச வந்திருக்கே? ஜார்ஜி அம்மாகிட்டயா, ஸ்கூல் ஆள்கிட்டயா? பாலத்துக்கிட்ட நான் வெறும் டிரைவர். என் காதுல எதுவும் விழல. இப்ப ஜார்ஜி அம்மாகிட்டன்னா, இங்க கேட்டதை இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன். ஸ்கூல் ஆள்கிட்டன்னா நாளைக்குக் காலையில நான் போனை எடுத்தாகணும். எனக்கு வேற வழி கிடையாது. யோசிச்சுச் சொல்லு."

"ஜார்ஜி அம்மாகிட்டன்னு சொல்லு" என்றேன். சத்தமாகவே சொன்னேன். வெட்கம் பார்க்கவில்லை.

லீயான் திரும்பி, துண்டில் கிடக்கும் இளஞ்சிவப்பைப் பார்த்தாள்.

"ஜார்ஜி அம்மாகிட்ட சொன்னா, டார்சி ராத்திரி தூங்குவாளா?" என்றாள். "ஸ்கூல் ஆள்கிட்டதான்."

நெரிடா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரு."

மாடிப்படியில் க்ளென் இறங்கி வந்துகொண்டிருந்தான். இரண்டு கையிலும் பீர் கிளாஸ். பின்னால் டூலன் அவன் முதுகில் தட்டி ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டே வந்தான். ஐஸ் பெட்டியில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களையும் பார்த்ததும் சிரிப்பு குறைந்தது.

"க்ளென்" என்றாள் லீயான். "அதை அங்கயே வச்சுட்டு இங்க வா."

மேலேயிருந்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். க்ளென் கடைசிப் படியில் நின்றான். கிளாஸை வைக்கவும் இல்லை, வரவும் இல்லை.